கோயிலுக்கு எந்த கேமரா வாங்கலாம்? தொண்டர்கள் எங்கள் கருத்து

ஓம் சரவணபவ 🙏

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் கோயிலுக்கு ஒரு கேமரா வாங்கித் தர ஒரு குடும்பத்தார் முன்வந்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மறைந்த தங்கள் தந்தையார் நினைவாகச் செய்கிற உபயம். "எது நல்லதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க, ஆனா ஒரு தடவைதான் வாங்கித் தர முடியும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வாட்சாப் குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, தூரத்தை இழுத்துக் காட்டும் சூப்பர்ஜூம் கேமரா வேண்டும். பிரிட்ஜ் கேமரா என்கிறார்களே, லென்ஸைக் கழற்ற முடியாதது, அதுதான். இன்னொரு கட்சிக்கு, லென்ஸ் மாற்றிப் போடும் டிஎஸ்எல்ஆர் வேண்டும்.

நாங்கள் போட்டோ தொழில் செய்பவர்கள் இல்லை. எங்களில் பாதிப் பேர் கூலிம், சுங்கை பட்டாணி பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஆனால் பத்துப் பதினைந்து வருசமாக, திருவிழாவுக்குத் திருவிழா யாரிடமாவது கேமரா இரவல் வாங்கிப் படம் எடுத்து வருகிறோம். இரண்டு வகையும் கையில் பிடித்துப் பார்த்தாச்சு. அந்த அனுபவத்தில் சொல்கிறோம்.

"ஒரு கேமராவுக்கு இவ்வளவு பேச்சா? போன்லயே எடுக்கலாமே" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீட்டில் படுத்திருக்கும் பாட்டிக்குப் பூஜையை நேரலையாகக் காட்டப் போன் போதும். அதை மாற்றச் சொல்லவில்லை. நாங்கள் பேசுவது இருபது, முப்பது வருசம் கழித்தும் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்களைப் பற்றி.

கெடாவில் நம் கோயில்கள் பல தோட்டத்தில் பிறந்தவை. பால்மரம் வெட்டிய சனங்கள் தகரக் கொட்டகை போட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டியவை. தோட்டத்தை விற்றார்கள், தாமான் வந்தது, சனங்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். சில கோயில்கள் இடம் மாறின. சில இல்லாமலே போயின. பழைய கோயில் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால் காட்ட என்ன இருக்கிறது? யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலாவது, மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் பாதிக் கோபுரம் தெரியும். அவ்வளவுதான்.

நம் பூஜாங் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவியும் அங்கே தோண்டி, அளந்து, பார்த்ததை 1940இல் எழுதி வெளியிட்டார்கள். புக்கிட் பத்து பகாட் கோயில் 1960 வாக்கில் சீரமைக்கப்பட்டு இன்றும் மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. ஆனால் சுங்கை பத்து பக்கம் இருந்த 'சண்டி 11' வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டுவிட்டது என்று 2013 டிசம்பரில் செய்தி வந்தது. ஆயிரம் வருசத்துக்கு மேல் தாங்கிய கட்டடம். இனி அதைப் பற்றித் தெரிந்துகொள்ள, முன்னே யாரோ அளந்து எழுதியதும் படம் பிடித்ததும்தான் உண்டு.

நம் கோயிலிலும் அடுத்த வருடம் திருப்பணி. பாலாலயம் செய்த பிறகு பழைய விமானத்தை இறக்கப்போகிறார்கள். மேலே இருக்கும் சுதைச் சிற்பங்கள் நம் தாத்தாமார் காலத்தவை. மூக்கு உடைந்திருக்கலாம், பெயிண்ட் உரிந்திருக்கலாம். ஆனால் இறக்கிவிட்டால் திரும்ப வராது. அதனால்தான் கேமராவை இந்த வருசமே முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

சூப்பர்ஜூம் கட்சிக்காரர்கள் காட்டும் கேமரா நிக்கோன் பி 1000 மாதிரி ஒன்று. 2018இல் வந்தது. 125 மடங்கு ஜூம், அதாவது 24 முதல் 3000 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். மடப்பள்ளி வாசலில் நின்றே கோபுரக் கலசத்தின் நெளிவை எடுக்கலாம். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தால் அசந்துபோவீர்கள். டிஎஸ்எல்ஆரில் 3000 மில்லிமீட்டர் என்பது நடக்காத காரியம். 600 மில்லிமீட்டர் பெரிய லென்ஸ்களில் சிலவற்றை வாங்கவே ஒரு கார் விலை ஆகும்.

அப்படியானால் அதையே வாங்கிவிடலாமே? இங்கேதான் சென்சார் என்ற ஒன்றைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் வந்து விழும் தகடு அது. இந்த வகை சூப்பர்ஜூமில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. கேனன் 80டி போன்ற டிஎஸ்எல்ஆரில் அது 22க்கு 15 மில்லிமீட்டர். அகலம் நம் 50 சென் காசு அளவு. பரப்பளவில் கிட்டத்தட்ட 12 மடங்கு. மழைக்கு வாளி வைத்தாலும் குவளை வைத்தாலும் மழை ஒன்றுதான், பிடிக்கும் தண்ணீர்தான் வேறு. இரண்டாவது, லென்ஸின் வாய். பி 1000 முழுசாக ஜூம் போகும்போது எஃப் 8 ஆகச் சுருங்கிவிடும். டிஎஸ்எல்ஆருக்கு விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்றான 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8 திறக்கும். கணக்குப் போட்டால் இருபது மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்.

எங்கள் ஃபேக்டரி லைனில் ஒரு பாடம் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு பெரிதாக்கினாலும், மேசை விளக்கு சரியில்லை என்றால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. புதுப் பையன்கள் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் முதலில் விளக்கைச் சரிபார்ப்பார்கள்.

அதே மாதிரி, வருசம் முழுக்க நம் கோயிலில் என்னென்ன படம் எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டோம். நீங்களும் பாருங்கள்.

1. அலங்காரம், தீபாராதனை: உள்ளே, விளக்கு வெளிச்சம், நாலைந்து மீட்டர் தூரம்.
2. கந்தசஷ்டி சூரசம்ஹாரம்: பொழுது சாயும் நேரம், ஓட்டமும் ஆட்டமும்.
3. இரவு ரத ஊர்வலம்: தெருவிளக்கும் ரதத்தின் பல்பும்தான் வெளிச்சம், ரதம் நகர்ந்துகொண்டே இருக்கும்.
4. சமயப் போட்டி, தேவாரப் பிள்ளைகள்: மண்டபத்து டியூப்லைட்.
5. தைப்பூசக் காவடி, பால்குடம்: பகல், பக்கத்திலேயே.
6. விமானத்துச் சுதைகள்: பகல், உயரம்.
7. கும்பாபிஷேகம்: பகல், உயரம், பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு முறை.

ஏழில் நான்கு, வெளிச்சம் குறைந்த வேலை. ஒன்று, எந்தக் கேமராவிலும் எடுக்கலாம். பெரிய ஜூம் கேட்பது கடைசி இரண்டுதான். அதிலும் சுதைகளுக்கு வழி இருக்கிறது. திருப்பணிக்குச் சாரம் கட்டத்தானே போகிறார்கள்? கட்டியதும் வேலை தொடங்குமுன் ஒரு நாள் அனுமதி வாங்கி, மேலே ஏறி ஒவ்வொரு சிற்பத்தையும் நேருக்கு நேர் எடுக்கலாம். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் எவ்வளவு ஜூம் இருந்தாலும் முருகனின் தாடைதான் தெரியும், முகம் தெரியாது. கும்பாபிஷேகத்துக்கு ஒரு நாள் மட்டும் நீள லென்ஸை வாடகைக்கோ இரவலாகவோ எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நான்குக்கு அப்படி மாற்று வழி எதுவும் இல்லை. "ஃபிளாஷ் போட்டால் போச்சு" என்பவர்கள் தீபாராதனை நேரத்தில் ஃபிளாஷ் அடித்த படத்தைப் பாருங்கள். சாம்பிராணிப் புகை வெள்ளைத் திரையாக நிற்கும். வெள்ளிக் கவசம் கண்ணாடி மாதிரி அடிக்கும். பஞ்சமுக தீபம் எரிகிறதா என்றே தெரியாது. குருக்கள் கண் கூசி நிற்பார். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் அம்மா திடுக்கிட்டுத் திரும்புவார். ஒரு படத்துக்காக நூறு பேர் தரிசனம் கெட வேண்டுமா? விளக்கு வெளிச்சத்திலேயே எடுக்க முடிகிற கேமராதான் கோயிலுக்கு ஏற்றது.

சூப்பர்ஜூம் கட்சியின் பலமான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. "ஜூம் இருந்தால் பின்னால் நின்று எடுக்கலாம், சாமிக்கும் சனங்களுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டாம்" என்கிறார்கள். உண்மைதான். கேமராவைத் தூக்கிக்கொண்டு சன்னிதியை அடைத்து நிற்பவர்களைப் பார்த்து எங்களுக்கே கோபம் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து ஒழுங்கு, ஜூம் இல்லை. இடது பக்கத் தூணை ஒட்டி ஓர் இடம் குறித்துவிடலாம். படம் எடுப்பவர் அங்கேதான் நிற்க வேண்டும். அங்கிருந்து 50 மில்லிமீட்டர் லென்ஸே உற்சவரை நிறைவாகப் பிடிக்கும். வெளிவேலைக்கு 18-135 லென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம், வேகம். காவடி சுற்றும்போதும் வேல் பாயும்போதும் டிஎஸ்எல்ஆர் சட்டென்று குறிபிடிக்கும். மங்கல் வெளிச்சத்தில் சூப்பர்ஜூம் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். அது தேடி முடிப்பதற்குள் சூரன் விழுந்திருப்பான்.

"டிஎஸ்எல்ஆர் பழசாப் போச்சே, இப்ப எல்லாரும் மிரர்லெஸ்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். சரிதான். கேனன் 2020இல் விட்ட 1டி எக்ஸ் மார்க் 3தான் தங்கள் கடைசி உயர்தர டிஎஸ்எல்ஆர் என்று அந்தக் கம்பெனியே சொல்லிவிட்டது. நமக்கு அது நல்ல செய்தி. பலரும் மாறிப்போவதால், நல்ல நிலையில் உள்ள டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு வருகின்றன. உபயப் பணத்தில் பாடியும் இரண்டு லென்ஸும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ஒன்றே ஒன்று, வாங்கும்போது ஷட்டர் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை வலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூஞ்சையைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர் ஈரக் காற்றில், சாமான் அறை அலமாரியில் கேமராவைப் பையோடு போட்டு வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டிரை பாக்ஸில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைக்க வேண்டும். திருநீறு பறக்கும் இடத்தில் டிஎஸ்எல்ஆர் லென்ஸைக் கழற்றவே கூடாது, அலுவலகத்துக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். சூப்பர்ஜூமில் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். லென்ஸ் மாற்றும் தொல்லை இல்லை, உண்மை. ஆனால் ஜூம் குழல் நீண்டு சுருங்கும்போது தூசியை உள்ளே இழுக்கும். உள்ளே போனதை நாமே துடைக்க முடியாது.

ஆக, எங்கள் முடிவு டிஎஸ்எல்ஆர். நம் கோயிலுக்கு மட்டும் சொல்கிற முடிவு இது. தோட்டத்துக்குள் இன்னும் பத்து இருபது குடும்பங்களோடு நிற்கிற கோயில்கள் இருக்கின்றன. படம் எடுக்க ஒரே ஒரு தொண்டர், கற்றுக்கொள்ள நேரமில்லை, பூஜையும் பகலில் முடிந்துவிடும் என்றால் அவர்களுக்குச் சூப்பர்ஜூம்தான் நல்லது. பட்டனை அழுத்தினால் படம் வரும். யாரும் அதைக் குறைவாகப் பேச வேண்டியதில்லை. எடுக்கப்படாத படத்தைவிட எடுத்த படம் மேல்.

நிர்வாகத்துக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கைகள்:

• குறைந்தது இரண்டு பேர் பழகிக்கொள்ள வேண்டும். ஒருவர் இளைஞர், ஒருவர் மகளிர் பகுதியிலிருந்து. பால்குடம் எடுக்கும் பெண்கள் பக்கம் ஓர் அக்கா நின்று எடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி.

• ஃபிளாஷ் கூடாது. மூலவரைப் படம் எடுப்பது பற்றிக் குருக்கள் சொல்வதே முடிவு.

• கேமரா கோயில் சொத்து. பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும்.

• எடுத்த படங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒன்று கோயிலில், ஒன்று வேறொருவர் வீட்டில். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, விழா, உபயக்காரர் குடும்பம் எழுதியிருக்க வேண்டும். பெயர் எழுதாத படம் இருபது வருசத்தில் யாருக்கும் பயன்படாது.

கடைசியாக, பக்தர்களாகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில் நம் கோயில் தோட்டத்தில் இருந்த காலத்துப் படம் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள். கேமரா வந்ததும் முதல் வேலையாக அவற்றைத்தான் நகல் எடுக்கப்போகிறோம். உங்கள் கண் முன்னாலேயே எடுத்து, அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவோம். படத்தில் நிற்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முடிந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அன்னதான மண்டபத்தில் இருப்போம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள், படிக்கிறோம். உபயம் செய்யும் குடும்பத்தாருக்கு முருகன் அருள் கிட்டட்டும்.

வேலும் மயிலும் துணை.
ஆலயத் தொண்டர்கள்