பல்லை எண்ணாதே, மண்ணைப் பார்!

தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிவி கட்டுகிறோம் என்று கிளம்பும் இன்ஜினியரிங் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "மச்சி, முன்னால எத்தனை பல், பின்னால எத்தனை பல்?"

அமெரிக்க மணல்மேட்டில் ஓட்டிய எவனோ 14-க்கு 41 என்று எழுதியிருப்பான். அவ்வளவுதான், லேத் பட்டறைக்கு ஆர்டர் போய்விடும். அவன் டயரின் உயரம் என்ன, அதில் துடுப்பு மாதிரி பட்டை இருந்ததா, எஞ்சின் எந்தச் சுற்றில் முழு சக்தி தந்தது... ஒன்றையும் விசாரிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற கதைதான் இது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "பின்னால பெரிய ஸ்ப்ராக்கெட் போடு, பிச்சுக்கிட்டுப் போகும்" என்பார்கள். பெரிய ஸ்ப்ராக்கெட் இழுவையைத்தான் கூட்டும், டாப் ஸ்பீடைக் குறைக்கும். 14-க்கு 42 என்றால் விகிதம் 3. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 3.23. பின்னால் மூன்று பல் ஏற்றினாலும் ஏறக்குறைய அதே பலன்தான். எட்டாம் வகுப்புக் கணக்கு ஐயா இது!

மணலில் ஏன் இழுவை வேண்டும்? தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கு ஆகும் தடை, வண்டி எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். தளர்ந்த மணலில் அது இருபது, முப்பது பங்கு வரை போகும். ஆளோடு சேர்த்து 250 கிலோ வண்டி என்றால் ரோட்டில் 5 கிலோ விசை போதும், மணலில் 50 கிலோவுக்கு மேல் வேண்டும். அதற்காக இழுவையைக் கண்டபடி ஏற்றினாலும் வம்புதான். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்.

2007-ல் தொடங்கிய பாஜா எஸ்ஏஇ இந்தியா போட்டி பல வருடம் மத்தியப் பிரதேசத்துப் பிதாம்பூரில் நடந்தது. அங்கே எல்லா அணிக்கும் ஒரே மாதிரி சின்ன எஞ்சின். சக்தியில் வித்தியாசமே இல்லாதபோது, அதைத் தரைக்குக் கொண்டு சேர்க்கும் விகிதத்தில்தானே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? இவர்களோ அதை இரவல் வாங்கி, காலேஜ் கிரவுண்டின் கட்டாந்தரையில் இரண்டு ரவுண்டு ஓட்டி, செல்ஃபியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பாடப் புத்தகம் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. டிவிஎஸ் எக்ஸெல்! மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஸ்ப்ராக்கெட் விகிதம்தான் அதற்கு ஒரே கியர். பின்னால் உர மூட்டையோடு கொள்ளிடக் கரையில் போகிறவர், மணல் எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு முன்பே இறங்கித் தள்ளுகிறார். வண்டியின் எல்லை அவருக்குத் தெரியும். கால்குலேட்டர் வைத்திருப்பவனுக்குத் தெரியவில்லை.

அதற்காகக் கொள்ளிடத்துக்குள் வண்டியை இறக்கிப் பரிசோதிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஏற்கெனவே மணல் லாரிகள் அந்த ஆற்றைப் படுத்திய பாடு போதும். கட்டடம் கட்டும் இடத்தில் அனுமதி கேட்டு ஒரு லோடு மணலை முழங்கால் ஆழத்துக்குப் பரப்புங்கள். நெல் மூட்டை எடை போடும் தொங்கு தராசைக் கயிற்றில் மாட்டி, ஆள் உட்கார்ந்த வண்டியை இழுங்கள். தராசு காட்டுகிற எண்ணிலிருந்துதான் பல் கணக்கு பிறக்க வேண்டும். 12, 13-க்குக் கீழே முன் ஸ்ப்ராக்கெட்டைக் குறைத்தால் செயின் இறுக்கமாக மடங்கிச் சீக்கிரம் தேயும். பின்னால் பெரிதாக்கிக்கொண்டே போனால் அது தரையை உரசும்.

செயின் விஷயம் இதைவிட மோசம். வேஸ்ட் ஆயிலை ஊற்றுவது நம்மூர்ப் பழக்கம். எண்ணெயும் ஆற்று மணலும் சேர்ந்தால் அது உப்புத்தாள் பசை. வயல் களிமண்ணோ பல்லிடுக்கில் அடைந்து செயினை விறைப்பாக்கும். மணலுக்கு ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயின்தான் சரி, உள்ளே இருக்கும் கிரீஸை அது காப்பாற்றும். மண்ணெண்ணெயில் துடைத்து, மெல்லிசாக லூப் அடித்தால் போதும்.

தொங்குகிற செயினில் இரண்டு லிங்க்கை வெட்டி இறுக்கிக் கொடுக்கும் வித்தை ஒன்று உண்டு. காசு மிச்சமாம்! 428 செயினில் லிங்க் இடைவெளி 12.7 மில்லிமீட்டர், இருபதுக்கு 254. அது 259 ஆகிவிட்டால் ஒவ்வொரு லிங்க்கும் நீண்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டை வெட்டினால் மற்றவை சுருங்குமா என்ன? புது ஸ்ப்ராக்கெட்டில் பழைய செயினைப் போட்டால் புதுப் பல்லும் போச்சு.

எக்ஸெல்லில் அப்படி ஒரு செயின் கழன்று சக்கரத்தில் சிக்கினால் மூட்டையோடு ஆள் வாய்க்காலில். ஏடிவியில் அறுந்தால் அது சவுக்கு மாதிரி வீசும், ஓட்டுபவன் முதுகுக்குப் பின்னால். பாஜா விதிகளில் செயினுக்குக் கவசம் கட்டாயம் என்று வைத்திருப்பது அதனால்தான். அந்தக் கவசத்தைத்தான் "வெயிட் கூடுது மச்சி" என்று தகர டப்பா மாதிரி மெல்லிசாக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.