வீட்டுக்கொரு நடப்பிருப்பு



சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, உற்றார் அருகிலில்லாத வேளையில் கை கொடுப்பது சங்கத்துச் சகாய நிதியே ஆகும். அந்நிதியின் கணக்கு இன்று பல சங்கங்களில் பேரேட்டை விட்டு எக்ஸெல் தாளுக்கு வந்துவிட்டது. மொத்த இருப்பு எவ்வளவு என்றால் தாள் உடனே சொல்லிவிடும். இன்ன குடும்பம் இன்ன தேதி வரையில் எவ்வளவு சந்தா செலுத்தியுள்ளது என்று கேட்டால்தான் தடுமாற்றம் உண்டாகிறது.

ஓராண்டுச் சந்தா ரூ. 1,200 நிறைந்த குடும்பத்துக்கே உதவி என்று ஒரு சங்கத்தில் விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் ஜனவரியில் சந்தா ரூ. 100, பிப்ரவரியில் சந்தா ரூ. 100, மார்ச்சில் கடன் தவணை ரூ. 500, ஏப்ரலில் சந்தா ரூ. 200 செலுத்துகிறது. வகை பாராது கூட்டினால் 100, 200, 700, 900 என ஏறும். சந்தா வரிகளை மட்டும் கூட்டினால் 100, 200, 200, 400 என்றே நிற்கும். பின்னதே உண்மை. முன்னதை நம்பினால், விதிப்படி பெற வேண்டிய வீட்டின் பங்கு வேறு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இவ்வகைக் கணக்குக்கு எக்ஸெலில் பவர் குவரி என்னும் கருவி உண்டு. 2013-இல் தனித் துணைக்கருவியாக வந்த இது, 2016 பதிப்பு முதல் எக்ஸெலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. செய்முறை வருமாறு:

முதலாவதாக, 'குரூப் பை' என்பதில் குடும்ப எண்ணைக் கொடுத்து, 'ஆல் ரோஸ்' என்பதைத் தேர்ந்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிற்றட்டவணை பிரிந்துவிடும். இரண்டாவதாக, அச்சிற்றட்டவணையைத் தேதிப்படியும், ஒரே தேதியாயின் ரசீது எண்படியும் வரிசைப்படுத்த வேண்டும். பிரிப்பதற்கு முன் செய்த வரிசை பிரித்த பின்னும் நிற்கும் என்று நம்பலாகாது. மூன்றாவதாக, வகை 'சந்தா' எனில் தொகையையும், அல்லாவிடில் 0-ஐயும் காட்டும் புதிய பத்தி ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான்காவதாக, அப்பத்தியை மேலிருந்து கீழாகக் கூட்டி வர வேண்டும்.

கூட்டுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒவ்வொரு வரியிலும் முதல் வரியிலிருந்து மீண்டும் கூட்டுவது ஒன்று. அவ்வாறாயின் 1,000 வரிகளுக்கு 5,00,500 எண்களைப் படிக்க நேரும், கணினி திணறும். மற்றொன்று 'லிஸ்ட்.ஜெனரேட்' என்னும் கட்டளை. முந்தைய வரியின் இருப்போடு இவ்வரியின் தொகையை மட்டும் அது சேர்க்கும். பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் 'முன்பக்கத்திலிருந்து' என்று எடுத்தெழுதுகிறோமே, அதே முறைதான். 1,000 வரிக்கு 1,000 எண்களே போதும்.

ஓர் எச்சரிக்கை. தொகை எழுதாது விட்ட கட்டத்தைப் பவர் குவரி 0 என்று கொள்வதில்லை. 'நல்' என்று கொள்ளும். 'நல்' உடன் எதைக் கூட்டினாலும் விடை 'நல்' தான். ஒரு மாதம் சந்தா தவறிய வீட்டின் இருப்பு அதன் பின் எல்லா வரிகளிலும் மறைந்து போகும். ஆகவே கூட்டுமுன் 'ரீப்ளேஸ் வேல்யூஸ்' கொண்டு 'நல்' அனைத்தையும் 0 ஆக்குக.

கடைசியாக, எல்லா வீடுகளின் இறுதி இருப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அது சந்தா ரசீதுகளின் மொத்தத்தோடு ஒத்துவந்தால்தான் கணக்கை அவையில் வைக்கலாம். ஆனால் மொத்தம் சரியாக இருந்தும், ஒரு வீட்டுச் சந்தா மற்றொரு வீட்டின் பெயரில் ஏறியிருக்கக்கூடும். அதைக் கண்டறிய இயந்திரத்தால் இயலாது. எனவே பொருளாளர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் நடப்பிருப்பை எழுதி அனுப்புவார்களாக. குடும்பத்தாரும் அதைத் தம் ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு கண்டால் உடனே தெரிவிப்பார்களாக. மாற்றலாகி வேறூர் செல்லும் குடும்பமும் அத்தாளைக் கையோடு கொண்டு செல்லலாம்.