மட்கார்டிலிருந்து தொடங்குவோம்

அக்டோபர் பிறந்துவிட்டால் பிரிட்டனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நம் எல்லோரிடமும் ஒரே கேள்வி வருகிறது. குளிர்காலத்துக்கு ஒரு ரோடு பைக் வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம்? கேட்பவர் ஃபிரேமின் எடையில் தொடங்கி கியர் செட்டின் பெயரில் முடிப்பார். நாமும் அவர் போன வழியே போய்விடுகிறோம். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்ற பேச்சே வருவதில்லை. பில் போட்ட பிறகு, "அப்படியே ஒரு செட் மட்கார்டும் மாட்டிக் கொடுங்க" என்று வாடிக்கையாளர் சொல்லும்போதுதான் வண்டியில் அதற்கு இடமில்லை என்பது தெரிகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த இதழின் வேண்டுகோள்.

பிரிட்டிஷ் குளிர்காலம் வண்டியைக் கெடுப்பது குளிரால் அல்ல, ஈரத்தாலும் உப்பாலும். சாலையின் மேற்பரப்பு உறைநிலையை நெருங்கும் என்று முன்னறிவிப்பு வந்தாலே உப்பு லாரிகள் கிளம்பிவிடும். செஷயரில் உள்ள வின்ஸ்ஃபர்ட் சுரங்கத்தில் 1844-இல் நிலக்கரி தேடித் தோண்டியவர்களுக்குக் கிடைத்த அதே பாறை உப்புதான் இன்றும் சாலைகளில் கொட்டப்படுகிறது. மழைநீரில் கரைந்த உப்பும் பொடிக்கல்லும் டயர் வழியாக மேலே ஏறுகின்றன. முன் டயர் வீசுவது ஓட்டுபவரின் பாதத்திலும் பாட்டம் பிராக்கெட்டிலும் செயினிலும் படும். பின் டயர் வீசுவது அவருடைய இடுப்பில் தொடங்கி, பின்னால் வருபவரின் முகம் வரை போகும். பல கிளப்புகள் குளிர்காலக் குழு ஓட்டத்துக்கு மட்கார்டு இல்லாமல் வராதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். நல்ல வண்டியை இலையுதிர் காலத்தோடு உள்ளே வைத்துவிட்டு, கனமான, மட்கார்டு போட்ட இன்னொரு வண்டியை வசந்தம் வரை ஓட்டுவது இந்நாட்டுக் கிளப் ஓட்டக்காரர்களின் நெடுநாள் வழக்கம். சிக்கனத்தில் பிறந்த வழக்கம் அது. அந்தச் சிக்கனத்தை வாடிக்கையாளருக்குக் காப்பாற்றிக் கொடுப்பது நம் பொறுப்பு.

விளம்பரத் தாளில் "அதிகபட்ச டயர்" என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது மட்கார்டு இல்லாத நிலைக்கான எண். 2023-ஆம் ஆண்டு மாடலாக வந்த டிஸ்க் பிரேக் ஸ்பெஷலைஸ்டு அலே போன்ற சில வண்டிகளுக்கு, மட்கார்டு இல்லாமல் 35 மி.மீ., மட்கார்டோடு 32 மி.மீ. என்று இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். எல்லோரும் இப்படிச் சொன்னால் நம் வேலை பாதியாகும். பலர் சொல்வதில்லை. ஆகவே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நாமே அளந்துவிடுவதுதான் நல்லது. டயரின் மேல் எழுதியிருக்கும் அகலத்தை அப்படியே நம்ப வேண்டாம். இன்றைய அகல ரிம்மில் 28 என்று எழுதிய டயர் காற்றடித்த பிறகு 30-ஐத் தொடுவதும் உண்டு. காலிப்பர் அளவுகோலை டயரிலேயே வைத்துப் பாருங்கள்.

இடைவெளியைப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: ஃபோர்க்கின் தலைக்கு அடியில், பின்பக்கம் பிரேக் மாட்டும் பாலத்துக்கு அடியில், பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் செயின்ஸ்டே பாலத்தில். கடைசி இடத்தை மறந்துவிடுபவர்கள் அதிகம். சகதி முதலில் அடைத்துக்கொள்வதும் அங்கேதான். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். 10 மி.மீ. ஆலன் கீயை டயருக்கும் பாலத்துக்கும் நடுவே செருகிப் பாருங்கள். உரசாமல் போய் வந்தால் மட்கார்டின் தடிமன், அதைப் பிடிக்கும் தகடு, போல்ட்டின் தலை எல்லாம் போக டயர் சுழல இடம் மிஞ்சும். கீ சிக்கிக்கொண்டால் அந்த டயரோடு முழு மட்கார்டு மாட்டச் சம்மதிக்காதீர்கள். ஒரு சுற்று சின்ன டயர் போடலாமா என்று பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் வேறு வண்டியைக் காட்டுங்கள்.

இடமில்லாத இடத்தில் மட்கார்டைத் திணிப்பது சத்தம் மட்டும் தரும் சங்கடம் என்று நினைப்பவர்கள் நம் தொழிலிலும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. முன் மட்கார்டின் கீழ்முனை வழியாகச் சுள்ளியோ கல்லோ உள்ளே நுழைந்தால், டயர் அதை மேலே இழுத்துக்கொண்டு ஃபோர்க் தலையை நோக்கிப் போகும். இடைவெளி கீழே அகலமாகவும் தலைக்கடியில் ஒடுங்கியும் இருந்தால், நுழைந்த பொருள் அங்கே ஆப்பாக இறுகும். மட்கார்டு மடிந்து சுருளும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படுவார். இதற்காகத்தான் எஸ்கேஎஸ் போன்றவர்கள் முன் கம்பிகளின் முனையில் இழுவை வந்தால் தானே விடுபடும் கிளிப் வைத்திருக்கிறார்கள். அது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு மட்கார்டு மாற்றும்போது, கம்பி நீளம் போதவில்லை என்று அந்தக் கிளிப்பை எடுத்துவிட்டு நேராக ஃபோர்க்கில் போல்ட் போட்டு முறுக்குவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மட்கார்டின் வளைவும் டயரின் வளைவும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை, கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதைச் செய்து கொடுங்கள்.

கைப்பணம் குறைவாக இருப்பவருக்குப் பழைய ரிம் பிரேக் வண்டி இன்னும் நல்ல வழி. டிஸ்க் பிரேக் பரவிய பிறகு அவற்றின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது பிரேக்கின் எட்டும் தூரம், அதாவது நடு போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரையான அளவு. பந்தய வண்டிகளில் அது 39 முதல் 49 மி.மீ. வரை, 25 மி.மீ. டயரே அதில் நெருக்கம்தான், மட்கார்டுக்கு இடமேது? 47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் பிரேக்குக்காகக் கட்டிய ஃபிரேமில் 25 மி.மீ. டயரும் முழு மட்கார்டும் தாராளமாக அமரும். கைனஸிஸ் ரேஸ்லைட் டி, டோலன் பிரெஃபிஸியோ, பிரெஸ்டன் ஊர் ரிபிளின் பழைய ஆடாக்ஸ் ஆகியவை இதற்கென்றே பிறந்த அலுமினிய வண்டிகள். ஒரு தலைமுறைக் கிளப் ஓட்டக்காரர்கள் அவற்றின் மேல்தான் குளிர்காலங்களைக் கழித்தார்கள். இப்படி ஒன்று கடைக்கு வந்தால் முதலில் ரிம்மின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். பொடிக்கல் தேய்த்துத் தேய்த்து அங்கே குழி விழுந்திருந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. புதுச் சக்கரத்தின் விலையையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து சீட் போஸ்ட் அசைகிறதா என்று பாருங்கள். உப்புநீர் பட்டு இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்த பிறகு அதைக் கழற்றும் பாடு உங்களுக்கே தெரியும்.

புதிதாக வாங்குபவருக்கு டிஸ்க் பிரேக்கே நல்லது. ரிம் தேயாது, பிரேக் கை குறுக்கே வராததால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடம் கூடும். டெக்காத்லானின் டிரைபன் வரிசை, ஸ்பெஷலைஸ்டு அலே, டிரெக் டொமேன் ஏஎல் ஆகியவற்றில் மட்கார்டு போல்ட்டுக்கான துளைகள் ஃபிரேமிலேயே இருக்கின்றன. ஈரத்தில் ரெசின் பேட் சீக்கிரம் கரையும். வண்டியின் டிஸ்க் இடம் கொடுத்தால் நவம்பரிலேயே மெட்டல் பேட் போட்டுவிடச் சொல்லுங்கள்.

கியர் விஷயத்தில் வாடிக்கையாளரின் ஆசையைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டியது நம் கடமை. உப்பு விலையுயர்ந்த செயினையும் விலை குறைந்த செயினையும் ஒரே மாதிரிதான் தின்கிறது. 8 ஸ்பீடு கிளாரிஸ், 9 ஸ்பீடு சோரா போதும். மார்ச்சில் செயினும் கேசட்டும் மாற்றும்போது அந்த நன்மை பில்லில் தெரியும். பாட்டம் பிராக்கெட் திருகு மரையுள்ளதாக இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகை ஒரே குளிர்காலத்தில் முனக ஆரம்பித்துவிடுகிறது என்பது என் அனுபவம். ஸ்போக் 32 உள்ள சக்கரம் கிடைத்தால் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கச் சொல்லுங்கள். வண்டியைக் கொடுக்கும் முன் சீட் போஸ்ட்டுக்கும் மட்கார்டு போல்ட்டுகளுக்கும் கிரீஸ் தடவுங்கள். போஸ்ட் கார்பன் என்றால் அதற்கான பேஸ்ட். ஸ்டீல் ஃபிரேம் என்றால் குழாய்களுக்குள்ளும் துருத் தடுப்பு மெழுகு போக வேண்டும்.

உயரம் குறைந்தவர்கள் வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். சின்ன ஃபிரேமில் முன் சக்கரம் பெடலுக்கு நெருங்கி இருக்கும். மட்கார்டு மாட்டியதும் இன்னும் நெருங்கும். மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி மட்கார்டில் இடித்தால் நடு ரோட்டில் விழ நேரும். அவரை வண்டியில் உட்கார வைத்து, அவருடைய ஷூவோடு, ஹேண்டிலைத் திருப்பிக் காட்டி, தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்று விடுங்கள். சின்ன ஃபிரேம் வாங்கும் பெண்களுக்குச் சைக்கிள் கடைகளில் அடிக்கடி நேரும் ஏமாற்றங்களில் இதுவும் ஒன்று. கேட்டால் "பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ரப்பர் பட்டையால் கட்டும் அரை மட்கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருக்கும் பந்தய வண்டியையே ஓட்டித் தீர வேண்டியவருக்கு அவை உதவும். பிரேக்குக்கு முன்னால் உள்ள பகுதி திறந்தே கிடப்பதால் செயினையும் பிரேக்கையும் அவை காப்பதில்லை என்பதைச் சொல்லி விற்போம்.

பணம் ஒரு தடை என்றால் வேலை செய்யும் இடத்தில் சைக்கிள் திட்டம் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். 1999 நிதிச் சட்டத்தோடு வந்த அந்த ஏற்பாட்டில், சம்பளத்தில் வரி பிடிக்கும் முன்பே வண்டிக்கான தொகை கழிகிறது. அரசின் வழிகாட்டுக் குறிப்பில் பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் மட்கார்டும் இருக்கிறது. ஆகவே பின்னால் தனியாக வாங்க வேண்டியதில்லை. முதல் விலைப்பட்டியலிலேயே மட்கார்டையும் மாட்டும் கூலியையும் சேர்த்து எழுதிவிடலாம்.

அடுத்த இதழிலிருந்து இங்கே வெளியாகும் ஒவ்வொரு ரோடு பைக் மதிப்பீட்டிலும் நாங்களே அளந்த இரண்டு டயர் அகலங்கள் இருக்கும்: மட்கார்டு இல்லாமல் ஒன்று, முழு மட்கார்டோடு ஒன்று. மூன்று இடங்களின் இடைவெளியும் மில்லிமீட்டரில் அச்சாகும். மதிப்பீட்டுக்கு வண்டி அனுப்பும் நிறுவனங்களிடம் அதற்குப் பொருந்தும் மட்கார்டு செட் ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். உங்கள் ஸ்டாண்டில் ஏறும் வண்டிகளின் அளவுகளையும், ஃபிரேம் அளவையும் ரிம் அகலத்தையும் குறிப்பிட்டு, எங்களுக்கு அனுப்புங்கள். சரிபார்த்து அட்டவணையில் சேர்ப்போம்.