கிறிஸ்துமஸ் சவுக்கைப் போகியில் எரிக்கலாமா?

மேல்நாடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் ஃபிர், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள். பண்டிகை முடிந்ததும் பல ஊர்களில் நகராட்சியே அவற்றைச் சேகரித்து, இயந்திரத்தில் சிராய்களாக்கி, பூங்காக்களில் மூடாக்காகப் போட்டுவிடுகிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் தேவாலயங்களிலும் வீடுகளிலும் நட்சத்திரமும் வண்ண விளக்கும் கட்டி நிறுத்தப்படுவது பெரும்பாலும் சவுக்குக் கிளை. ஜனவரி 6-ஆம் தேதி மூன்று அரசர் திருநாளுடன் அது இறக்கப்படுகிறது. அடுத்த வாரமே போகி! நன்றாகக் காய்ந்த சவுக்கு, பக்கத்து வீட்டுப் பழம் பாயோடு சேர்ந்து தெருவில் எரிகிறது. பொங்கல் கழிந்ததும் வாசலில் கட்டிய வாழை, கரும்புத் தோகை, மாவிலை எல்லாம் ஓடைக்கும் கண்மாய்க் கரைக்கும் போய்ச் சேருகின்றன.

இது வீண் என்பது என் திடமான கருத்து. "சாம்பலும் உரம்தானே ஐயா" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. உரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எரிக்கும்போது தழைச்சத்தில் பெரும்பகுதியும், மண்ணுக்கு மிகவும் வேண்டிய அங்ககப் பொருளும் புகையாகப் போய்விடுகின்றன. மிஞ்சுவது சாம்பல் சத்தும் சுண்ணாம்பும். கிழக்கே உள்ள கரிசலில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. மலையடிவாரச் செம்மண்ணுக்கோ ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்கு வேண்டும். அதைச் சாம்பல் தராது.

சவுக்கு பார்வைக்கு ஊசியிலை மரம் போல இருந்தாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது பூக்கும் தாவரம். நாம் இலை என்று நினைப்பது பச்சை நிற இளங்குச்சிகள்; உண்மையான இலைகள் அதன் கணுக்களில் சிறு செதில்களாக இருக்கின்றன. பயறு வகைகளைப் போலவே சவுக்கின் வேர் முடிச்சுகளும் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேகரிக்கின்றன. அங்கே வேலை செய்வது ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர். எனினும் உதிர்ந்த சவுக்குச் சருகில் நாரும் துவர்ப்புப் பொருளும் மிகுதி. தனியாகக் குவித்தால் எளிதில் மட்காது. அதற்கு ஈரமும் பசுமையும் உள்ள கூட்டாளி வேண்டும். அந்தக் கூட்டாளிதான் ஒரு வாரம் கழித்து வரும் பொங்கல் வாழை. தண்டெல்லாம் தண்ணீர், சாம்பல் சத்தும் நிறைய. மார்கழி முழுவதும் கோயில்களில் சேரும் துளசியும் பூமாலைகளும் இதற்கு ஏற்றவையே. முன்பு மாலைகளை வாழை நாரில் கட்டினார்கள், அதுவும் மட்கிவிடும். இப்போது பல மாலைகளில் பிளாஸ்டிக் நூல் வருகிறது. அதை அறுத்து எடுக்காமல் குழியில் போடக் கூடாது. சவுக்கில் சுற்றிய ஜிகினா, தெர்மாகோல், பஞ்சு, கம்பி, பெயிண்ட் அடித்த கிளை ஆகியவற்றையும் முதலிலேயே நீக்கிவிட வேண்டும்.

கட்டை விரலுக்கு மேல் பருமனான கிளைகளை அவரை, பாகல் கொடிகளுக்குக் கொம்பாக நடலாம். மற்றதை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஓர் அடுக்கு சவுக்கு, ஓர் அடுக்கு வாழைத்தண்டுத் துண்டு என்று போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் சாணிக் கரைசல் தெளிக்கவும். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. குடிலில் பரப்பிய வைக்கோல் சுத்தமாக இருந்தால் அது மாட்டுக்கே போகட்டும்.

இனி, நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் குழியைத் தோப்புக்குள்ளேயே வெட்டச் சொன்னேன், தூக்கிச் சுமக்கும் கூலி மிச்சம் என்று. போட்டதைக் கிளறச் சொல்ல மறந்தேன். அடுத்த ஆண்டு அவருடைய இளங்கன்றுகளின் குருத்தோலை விரிந்தபோது கத்தரியால் வெட்டிய விசிறி போல இருந்தது. காண்டாமிருக வண்டு! அது முட்டையிட்டுப் புழு வளர்வது எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும்தான். வண்டுப் பண்ணையை நானே அமைத்துக் கொடுத்திருந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை; அதுதான் இன்றும் உறுத்துகிறது. தேவதானம், சேத்தூர், மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று தென்னை நிறைந்த இப்பகுதியில் கிளறாத எருக்குழியை விட எரிப்பதே மேல் என்று கூடச் சொல்வேன். குழி தோப்பை விட்டுத் தள்ளி இருக்கட்டும். மாதம் ஒரு முறை அடிவரை புரட்டுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை எருவில் கலந்தால் புழுக்கள் நோயுற்று மடியும்.

வாழையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சந்தைக்கு வரும் வாழை எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்பது நமக்குத் தெரியாது. தண்டுக் கூன்வண்டும் வாடல் நோய்ப் பூஞ்சாணமும் அதனுடன் வரலாம். தண்டை நீளவாக்கில் பிளந்து நறுக்கிவிட்டால் வண்டுப் புழு பிழைப்பது அரிது. வாடல் பூஞ்சாணமோ மண்ணில் பல ஆண்டுகள் தங்கக் கூடியது. ஆகவே இந்த எருவை வாழைத் தோட்டத்துக்கு மட்டும் போட வேண்டாம். தென்னை, மா, பூச்செடிகளுக்குப் போடலாம்.

குழி வெட்ட வசதியில்லாதவர்கள் நறுக்கிய சவுக்கைத் தென்னை வட்டப் பாத்தியில், தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அரையடி கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறும் நேரம் அது. கறையான் உள்ள செம்மண்ணில் இளங்கன்றுகளுக்கு இதைச் செய்ய வேண்டாம்.

நகராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். நகராட்சி உரக்கூடங்களுக்குக் காய்கறிக் கழிவு ஏற்றது. கிளைகளை நறுக்க அங்கே ஆளும் இயந்திரமும் வேண்டுமே. தேவாலயத்தார் தேதி சொல்லி ஒரு மூலையில் குவித்து வைக்க, பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு டிராக்டரை அனுப்பி எடுத்துப் போவதே எளிது. கோயிலிலும் அப்படியே கேட்டுப் பெறலாம்.

தை மாதம் போட்ட குழி, ஒழுங்காகப் புரட்டினால், ஆடிப்பட்டத்துக்கு முன் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். புரட்டும்போது வெள்ளையாக, வளைந்து சுருண்ட பருத்த புழுக்கள் அகப்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.