பழைய வேகனுக்கு எது நியாய விலை?

"நம்ம ஆள்தான், நம்பி வாங்கு." டொராண்டோவில் பழைய கார் தேடும் நம்மவர்கள் எல்லோருமே கேட்கும் வார்த்தை இது. போன மாதம் 12 வருடப் பழைய வேகன் ஒன்றைப் பார்க்கப் போனபோது எனக்கும் சொன்னார்கள். மேலே பளபளப்பு, குனிந்து பார்த்தால் குளிர்கால ரோட்டு உப்பு தின்ற துரு.

ஒன்டாரியோவில் காரை விற்கும் தனிநபர் வாகனத் தகவல் தொகுப்பைத் தந்தாக வேண்டும். 20 டாலர்தான், கடன் பாக்கி இருந்தால் அதில் தெரிந்துவிடும். சேஃப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும், அது உத்தரவாதம் இல்லை. ரசீதில் விலையைக் குறைத்து எழுதியும் பயனில்லை. ரெட் புக் மதிப்பு அதிகமென்றால் 13 சதவீத வரி அதன்மேல்தான்.

அதே வருடம், அதே மாடல் போகும் விலையில், மெக்கானிக் சொல்லும் ரிப்பேர் செலவைக் கழியுங்கள். மிச்சம்தான் நியாய விலை. பேப்பரைக் கேட்டதும் அந்த "நம்ம ஆள்" முகம் சுளித்தார். நான் வாங்கவில்லை.