தாராளமா, உரிமையா?

பிற்பகல் வேளை. ஒன்பதாம் வகுப்பு. பாடத்திலே வந்தது ஒரு சொல்: 'லிபரல்'. "தாராள மனம் படைத்தவர், பரந்த நோக்குடையவர்" என்று பொருள் கூறினேன், கரும்பலகையிலும் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியதும் எழுந்து நின்றாள், கடைசிப் பலகையிலிருந்த மாணவி ஒருத்தி.

"தாராளமாகக் கொடுப்பவர் ஒருவர் என்றால், கையேந்தி வாங்குபவர் ஒருவர் இருக்க வேண்டுமே, ஐயா! அவருக்கு என்ன பெயர்?"

கலை பயின்று கல்லூரியிலே பட்டம் பெற்றவன் நான். அந்தப் பதினான்கு வயதுச் சிறுமிக்கு விடை கூற என்னிடம் ஒரு சொல் இல்லை. மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை, வீடுவரை உடன் வந்தது. விடை தேடிப் புறப்பட்டேன், அச்சொல்லின் பிறந்தகத்திற்கே!

தோழர்களே! உரோமாபுரி அதன் பிறந்தகம். இலத்தீன் மொழியிலே 'லிபர்' என்றால், எவருக்கும் அடிமைப்படாதவன், உரிமையுடையவன் என்று பொருள். அவனுக்குத் தக்க கல்வி எதுவோ, அதுவே 'லிபரல்' கல்வி. இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என மூன்று. கணக்கு, வடிவியல், இசை, வானியல் என நான்கு. ஆக ஏழு கலைகள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இடைக்காலத்தில் போற்றி வளர்த்தவை இவை. இன்று 'கலைக் கல்லூரி' என்கிறோமே, அந்தப் பெயரின் வேர் அங்கே இருக்கிறது.

கலைகள் இனியவை, மறுப்பாரில்லை. ஆனால், உரிமையுடையோன் இலக்கணம் பயின்ற வேளையிலே அவன் நிலத்தை உழுதவன் யார்? விண்மீன்களை அவன் எண்ணிய இரவிலே அவன் வீட்டு விளக்குக்கு எண்ணெய் வார்த்தவன் யார்? அடிமை! ஓய்வு ஒருவனுக்கு, உழைப்பு மற்றவனுக்கு! கூலிக்குச் செய்யும் தொழில் உள்ளத்தைத் தாழ்த்தும் என்று தம் அரசியல் நூலிலே எழுதினார், அறிஞர் அரிஸ்டாட்டில். ஏடு தொட்ட கை உயர்ந்தது, ஏர் தொட்ட கை தாழ்ந்தது! வேறு பெயரிலே நாமும் அறிந்த கணக்குத்தானே இது?

அடிமைக்கு அறிவு வந்தால் ஆபத்து என்பதை ஆண்டைகள் அறிந்தேயிருந்தனர். அமெரிக்காவின் தென் கரோலினாவிலே, அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றினர், 1740-இல். தடையைத் தாண்டித் தட்டுத்தடுமாறி எழுத்துக் கற்றுத் தப்பியோடிய பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி உலகை உலுக்கினார். எவரும் தாராளமாக வழங்கிய கல்வியா அது? எடுத்துக்கொண்ட கல்வி!

அரசியலுக்கு வருவோம். 'லிபரல்' என்பதை ஓர் அரசியல் அணியின் பெயராக்கியவர்கள் ஸ்பெயின் நாட்டார். காடிஸ் நகரிலே கூடிய மன்றம் 1812-இல் அரசியல் சட்டம் வகுத்தது. மன்னனின் முழுமுதல் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த பெருமை அச்சட்டத்திற்கு உண்டு. ஆனால் ஆப்பிரிக்க வழிவந்த மக்களை அது குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. நற்பண்பும் நற்பணியும் காட்டினால் உங்களிலே சிலருக்கு உரிமை வழங்குவோம் என்றது! பிறப்பால் ஒருவனுக்கு உரிமை, பிச்சையாக மற்றவனுக்கு. இதற்குப் பெயர் 'லிபரல்'!

இங்கிலாந்து மட்டும் என்ன? மதப் பொறையைப் போற்றி 1689-இல் நூல் தந்த ஜான் லாக், 1669-இல் கரோலினாவுக்கான சட்டத்தை உருவாக்குவதிலே பங்கு கொண்டவர். நீக்ரோ அடிமைமீது எசமானனுக்கு முழு அதிகாரம் உண்டு என்பது அச்சட்டத்தின் வாசகம். 1859-இல் விடுதலையைப் பற்றி நூல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியிலே பணி புரிந்தவர். விடுதலைத் தத்துவம் முதிர்ச்சியடைந்த மக்களுக்கே உரியது, பிற்பட்டோருக்கு வல்லாட்சியே தகும் என்று அதே நூலிலே எழுதினார். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என 1867-இல் நாடாளுமன்றத்திலே குரலெழுப்பியவரும் அவரே. நல்லதை நல்லதென்போம்; அதற்காக நம் முதுகிலே விழுந்த தழும்பை மறந்துவிட மாட்டோம்.

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. இழப்பீடாக இரண்டு கோடி பவுன் வழங்கியது. யாருக்கு? முதுகு முறிய உழைத்தவனுக்கா? இல்லை, அவனை உடைமையாக வைத்திருந்த எசமானனுக்கு! அடிமைக்கு ஒரு செல்லாக் காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடன் முழுவதும் தீர்ந்தது 2015-இலேதான். தாராளம் இருந்தது, தோழர்களே! அது எந்தத் திசை நோக்கிப் பாய்ந்தது என்பதே கேள்வி.

இன்று அச்சொல் நாட்டுக்கு நாடு நிறம் மாறுகிறது. அமெரிக்காவில் ஏழைக்கு அரசு உதவ வேண்டும் என்பவர் லிபரல்; ஆஸ்திரேலியாவில் 1944-இல் பிறந்த லிபரல் கட்சியோ பழைமை பேணுவோரின் பாசறை. இந்தியாவிலே 1991-க்குப் பின் வந்தது 'தாராளமயம்'. முதலுக்குத் தடைகள் தளர்ந்தன. சொல்லைக் கேட்டு மயங்காதீர். யாருக்குக் கட்டு அவிழ்ந்தது, யாருக்கு அவிழவில்லை என்று கேளுங்கள்.

சமூகத் துறையிலோ, தாராள மனத்தின் முகமூடி விரைவிலே கழன்றுவிடுகிறது. 1936-இல் லாகூரிலே சாதி ஒழிப்புச் சங்கத்தார் தம் மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தனர். அவர் எழுதிய உரையைப் படித்தனர், பதறினர், மாநாட்டையே கைவிட்டனர்! சாத்திரத்தின் அடிவேரிலே கை வைத்தால் அவர்களுடைய தாராளம் தாங்கவில்லை. உரையைத் தாமே நூலாக வெளியிட்டார் அம்பேத்கர். கொடுத்த மேடையைப் பறிக்க முடிந்தது. சிந்தனையைப் பறிக்க முடிந்ததா?

நம் மண்ணிலும் நடந்தது ஒன்று. 1953-இல் ஆச்சாரியார் ஆட்சியிலே, சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று திட்டம் வந்தது. சிகைக்காரன் மகனுக்குக் கத்தரி, வண்ணான் மகனுக்கு வெள்ளாவி! குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது நாடு. 1954-இலே காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. உரிமையாளனுக்கு ஏடு, உழைப்பாளிக்குத் தொழில் என்ற உரோமாபுரிக் கணக்கு நம் ஊர்த் திண்ணையிலே வந்து அமர்ந்த கதை அது. திட்டம் தந்தவர் 1959-இல் ஒரு கட்சி கண்டார். அதன் பெயர் 'சுதந்திரா'!

மீண்டும் வகுப்பறைக்கு வருகிறேன். கேள்வி கேட்ட சிறுமியின் தந்தையைச் சென்ற வாரம் சந்தித்தேன். நல்லவர், பெருமிதத்தோடு சொன்னார்: "நான் பழைய பஞ்சாங்கம் அல்ல, ஐயா! பெண்ணைப் பத்தாவது வரை படிக்க விட்டிருக்கிறேன்." விட்டிருக்கிறேன்! அந்த ஒரு சொல்லிலே கயிறு அவர் கையிலே இருப்பது தெரிந்தது. விட்டவர் இழுக்கவும் கூடுமல்லவா? அவள் அந்தக் கேள்வியைக் கற்றது புத்தகத்திலிருந்தல்ல, தன் வீட்டு வாசலிலிருந்து.

நாட்டுச் சட்டமும் அவளைக் கைவிடும் இடம் அதுவே. கல்வியை அடிப்படை உரிமையாக்கியது 2002-இல் செய்த அரசியல் சட்டத் திருத்தம். அதை நடைமுறைப்படுத்த வந்தது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். எந்த வயதுக்கு? ஆறு முதல் பதினான்கு வரை! பதினான்கு நிறைந்ததும் உரிமை முடிகிறது, தாராளம் தொடங்குகிறது. அப்பன் மனம் வைத்தால் படிப்பு, இல்லையேல் அடுப்பு. பதினெட்டு வயதுவரை கல்வியைச் சட்டப்படி உரிமையாக்கு என்று நாம் கேட்க வேண்டாமா?

மறுநாள் வகுப்பிலே, முன்பு எழுதிய பொருளை அவர்கள் முன்னிலையில் அழித்தேன். "தாராளமாகக் கொடுப்பவர் ஒருவர் இருக்கும்வரை, வாங்குபவருக்குப் பெயர் அடிமை. அச்சொல்லின் வேர் தாராளம் அன்று, விடுதலை" என்றேன். அவள் அமர்ந்தபடியே தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள்.

எழுதிவிட்டாள், தோழர்களே! பத்தாம் வகுப்பு முடிந்த மறுநாள் அந்த ஏடு அவள் கையில் இருக்குமா, பரண்மேல் ஏறுமா? அது எவருடைய தாராளத்தையும் சார்ந்திராத நாள் வரும்வரை நமக்கு வேலை இருக்கிறது!