"சிரிங்க" என்று சொல்லாமல் எடுக்கும் படம்

"ஆடாதீங்க... கொஞ்சம் சிரிங்க!" இப்படிச் சொல்லி எடுக்கும் படத்தில் ஆள் இருப்பார்; அவர் குணம் இருக்காது. சொல்லாமல் எடுத்த படத்தில்தான் மனிதன் மனிதனாகத் தெரிகிறான்.

இந்தக் கலையில் கில்லாடி, பிரான்சு நாட்டு ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். 1950-ல் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். மதுரையிலும் படம் எடுத்தார். கையில் சின்ன லைக்கா கேமரா. அதன் பளபளப்பு தெரியாதிருக்க கருப்பு டேப் ஒட்டியிருப்பார். பிளாஷ் போடமாட்டார்.

இன்று செல்போன் போதும். வெம்பக்கோட்டையில் காட்சிக்கா பஞ்சம்? காலையில் தூக்குவாளியோடு வேனுக்கு ஓடும் பெண்கள், டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கும் பெரியவர், சாயங்காலம் மருந்து படிந்த கையோடு பஸ்ஸில் கண் அயரும் தொழிலாளி... சிவகாசி காலண்டர் அழகிகளிடம்கூட இந்த அழகு கிடையாது!

ஆலைக்குள் மட்டும் வேண்டாம். அங்கே செல்போனுக்குத் தடை. படம் உயிரைவிடப் பெரிதல்ல.

இன்னொன்று. 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி வெடிவிபத்தில் 10 பேர் பலியானார்கள். இழவு வீடுகளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. மார்பில் அடித்து அழும் தாயைப் படம் எடுத்து ஊருக்கே அனுப்புவது கலையா? "வேண்டாம்" என்று சொல்லக்கூட அவளுக்கு அப்போது வாய் வராதே!

மற்ற நேரத்தில் எடுங்க. எடுத்ததும் காட்டுங்க. "நல்லாயிருக்காக்கா?" என்று கேளுங்க. முகம் சுளித்தால் அங்கேயே அழித்துவிடுங்க. சிரித்தால் ஒரு பிரதி போட்டுக் கொடுங்க. அந்த வீட்டுச் சுவரில் ஆயுசுக்கும் தொங்கும்!